கார் ஷெட்டுக்குப் புது வயரிங்: எத்தனை எம்எம் வயர் என்பது கடைசிக் கேள்வி

9 ஜூன் 2024, மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது

1991இல் கட்டிய தனி வீடு. முன்பக்கம் கார் ஷெட். அதில் ஒரு டியூப் லைட், ஒரு 5 ஆம்ப் பாயிண்ட், அவ்வளவுதான். எலக்ட்ரிக் கார் புக் செய்திருக்கிறேன், தீபாவளிக்கு முன்னால் வந்துவிடும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது. மகன் சின்ன கம்ப்ரஸர், கிரைண்டர் வாங்கிவைத்துப் பைக் வேலை பார்க்கப்போவதாகச் சொல்கிறான். எலக்ட்ரீஷியன் 4 எம்எம் வயர் இழுத்து ஒரு 16 ஆம்ப் பாயிண்ட் போட்டால் போதும் என்கிறார். போதுமா, 6 எம்எம் போடச் சொல்லட்டுமா?

9 ஜூன், இரவு

வயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் (எம்எம் என்று நாம் சொல்வது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). முதலில் மீட்டர் பெட்டிக்குப் போங்கள். சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா? அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட்? மீட்டருக்கு அடுத்து இருப்பது எம்சிபியா (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), அந்தக் காலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டையா? எர்த் குழி எங்கே இருக்கிறது, கடைசியாக அதைப் பார்த்தது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியாவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

நான் ஆதம்பாக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன். அப்பா கட்டிய வீட்டின் ஷெட்டில் பழைய பைக்குகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருப்பேன். அந்த ஷெட்டுக்கு நானே திட்டம் போட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து வேலை முடித்தேன். சொல்வதெல்லாம் அந்த அனுபவத்தில்தான்.

10 ஜூன்

படங்கள் பார்த்தேன். சிங்கிள் ஃபேஸ், 3 கிலோவாட், ஃபியூஸ் கட்டை, மரப் பலகை. எர்த் வயர் சுவரோரமாக இறங்கி, செடித் தொட்டிக்குப் பின்னால் மண்ணுக்குள் போகிறது. அங்கே ஒரு பைப் இருக்கிறது என்று நம்புகிறோம்.

லோடு கணக்கு போடும்போது எல்லோரும் ஆம்பியரை மட்டும் கூட்டுகிறார்கள். எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. 2 கிலோவாட் கீசர் கால் மணி நேரம் ஓடும். கிரைண்டர் ஐந்து நிமிடம் கத்திவிட்டு நிற்கும். வெல்டிங் மெஷின்கூட அரை நிமிடம் எரிந்தால் இரண்டு நிமிடம் ஓய்வு. வயரும் சாக்கெட்டும் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். காரோடு வருகிற சார்ஜர் அப்படியில்லை. 15 ஆம்பியர், சுமார் 3.3 கிலோவாட், 30 யூனிட் பேட்டரி என்றால் ஒன்பது பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். அதுவும் ராத்திரியில், ஏசி ஓடுகிற அதே நேரத்தில்.

அதனால் பழைய வீடுகளில் முதலில் கருகுவது வயர் இல்லை, சாக்கெட்டின் திருகு. திருகு சரியாக இறுகாமல் அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 15 ஆம்பியரின் வர்க்கம் 225, அதில் பத்தில் ஒன்று 22.5 வாட். ஒரு சால்டரிங் அயர்னை ராத்திரி முழுக்க ஸ்விட்ச் பெட்டிக்குள் சொருகிவைத்த மாதிரி. மொபைல் சார்ஜர் போடும்போது இதே திருகு ஒரு தொந்தரவும் தராது. பத்து வருஷம் நன்றாக ஓடிய பாயிண்ட், கார் வந்த முதல் மாதமே உருகுவது இதனால்தான்.

10 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே, நான்கு ஆம்பியர்கூட வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டால் போதும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் இழுத்து, அதைக் கதவு நசுக்கி, அதன் மேல் மிதியடி போட்டு மூடுவது நம் ஊர் மரபு என்பது தெரியும். ஆனாலும்.

12 ஜூன்

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதை இன்னொரு முறை யோசித்தேன். 3.3 கிலோவாட் சார்ஜருக்கு மட்டும் என்றால் 4 எம்எம் சரிதான். அந்த ஒரு விஷயத்தில் அவரைத் திட்ட வேண்டாம். அவர் பார்க்காமல் விட்டது வயருக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை.

சாக்கெட்டுக்கு: நல்ல கம்பெனியின் 16 ஆம்ப், தனியாக ஒன்று, மெட்டல் பெட்டியில். கூடவே இன்னொரு 5 ஆம்ப் பாயிண்ட், இண்டிகேட்டர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒரே பிளேட்டில் அடைக்க வேண்டாம். மல்ட்டி ஸ்ட்ராண்ட் வயரின் முனையை முறுக்கி அப்படியே திருகுக்கடியில் சொருகாமல் லக் (முனையில் மாட்டும் உலோகக் குப்பி) போட்டு, அழுத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து சாக்கெட் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அன்றே நிறுத்திவிட்டுத் திருகைப் பாருங்கள்.

சில கார்களில் சார்ஜ் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளலாம். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 10 ஆம்பியரே தாராளம். 15இலிருந்து 10க்கு இறங்கினால் வயரிலும் திருகிலும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். காசு செலவில்லாத அப்கிரேடு.

16 ஜூன்

எர்த்துக்கு வருவோம். இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளுக்கு ஈபி தருவது ஃபேஸும் நியூட்ரலும். எர்த் நம் பொறுப்பு, நம் மண்ணில், நம் பைப். கார் சார்ஜர் இந்த எர்த் சரியாக இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அப்போது வரும் எலக்ட்ரீஷியன்களில் பாதிப்பேர் செய்வது என்ன தெரியுமா? சாக்கெட்டைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுவிடுவார்கள். பச்சை விளக்கு வந்துவிடும். "பாருங்க சார், ஓகே ஆயிடுச்சு."

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். புத்தம் புதுக் கார், வாசலில் மாவிலைத் தோரணம், சாக்கெட்டுக்குள் இந்தத் துண்டு வயர். நியூட்ரல் எங்காவது கழன்றால், மீட்டர் பலகையிலோ கம்பத்திலோ, அந்த லைனில் ஓடும் ஏதாவது ஒரு விளக்கு வழியாக ஃபேஸ் திரும்பி வந்து காரின் பாடி முழுக்க ஏறும். கார் டயரில் நிற்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவருக்குத்தான் ஆகும். அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, "அதான் சார்ஜ் ஏறுதே தம்பி" என்றார். அவர் மகன் வந்த பிறகுதான் கழற்றினோம்.

சார்ஜர் மறுத்தால் எர்த் பைப்பைச் சரிசெய்யுங்கள். வேறு வழியே கிடையாது.

17 ஜூன்

"எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். விழாது. கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் எர்த் பைப்பின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அதுவே நல்ல எர்த். ஃபேஸ் போய் பாடியில் பட்டால் 230ஐ 5ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். சி வகை 16 ஆம்ப் எம்சிபி சட்டென்று விழ ஐந்திலிருந்து பத்து மடங்கு வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். 46இல் அது நிதானமாகச் சூடேறி, நேரம் எடுத்து, அப்புறம் விழும். ஈரமான கோடையில் ஒரு பைப், அதன் தடை 30 ஓம் என்றால் 8 ஆம்பியர்கூட ஓடாது. எம்சிபி விழவே விழாது, பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

இந்த இடத்தைப் பிடிப்பது ஆர்சிசிபி. பழக்கத்தில் இஎல்சிபி என்கிறோம். போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீட்டு இணைப்புக்கு இந்த 30ஐத்தான் மேல் வரம்பாக வைத்திருக்கின்றன. கடையில் 100, 300 மில்லிஆம்பியரும் கிடைக்கும். விலையைப் பார்த்து அதை எடுத்து வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆர்சிசிபியின் முகத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். ஒரே ஒரு அலை மட்டும் வரைந்திருந்தால் அது ஏசி வகை. அலைக்குக் கீழே துண்டு துண்டாக அரை அலைகள் இருந்தால் ஏ வகை. கார் சார்ஜர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த லோடில் கசியும் கரண்ட் சுத்தமான அலையாக இருக்காது, ஏசி வகை அதைக் கவனிக்காமல் விடலாம். கார் லைனுக்கு ஏ வகை கேட்டு வாங்குங்கள். பாரிமுனைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தெருமுனைக் கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள்.

17 ஜூன், இரவு

மேலே "ஈரமான கோடை" என்று கை போன போக்கில் எழுதிவிட்டேன், காய்ந்த கோடை என்று படியுங்கள். ஈர மண்ணில் தடை குறையும், காய்ந்த மணலில் ஏறும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல், வேளச்சேரி மடிப்பாக்கம் பக்கம் களிமண். மணலில் இருப்பவர்கள் மே மாதத்தில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்ப்பது நல்லது. மழைக்காலத்து அளவு எல்லோரையும் நல்லவராகக் காட்டும்.

23 ஜூன்

இப்போது வயர். மீட்டரிலிருந்து ஷெட் வரை சுவரோரமாக 28 மீட்டர் வருகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறீர்கள். நன்றி, பெரும்பாலானவர்கள் "கிட்டத்தான் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வோல்டேஜ் டிராப் முதலில், அதாவது வயரிலேயே தொலையும் வோல்டேஜ். 4 எம்எம் வயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 ஓம். போக வர 56 மீட்டர், 15 ஆம்பியர். 4 வோல்ட் சொச்சம் இறங்கும், இரண்டு சதவீதத்துக்கும் கீழே. எதிர்காலத்தில் சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர், 32 ஆம்பியர், 6 எம்எம் என்றால் 6 வோல்ட். அதுவும் பிரச்சினை இல்லை. டிராப்பைப் பார்த்தால் 6 எம்எம் போதும் என்று தோன்றும். முந்தாநாள் தனிச் செய்தியில் கேட்டவருக்கு அப்படித்தான் சொன்னேன், அவருடையது கான்கிரீட் தளத்துக்குக் கீழே, நிழலான சுவர்.

உங்கள் ஷெட்டின் கூரை தகரம் என்பதை இன்றைக்குத்தான் படத்தில் பார்த்தேன். பைப்பும் தகரத்தை ஒட்டியே போகப்போகிறது. அங்கே கதை வேறு. பிவிசி வயரின் அட்டவணைகள் 30 டிகிரி சுற்றுச் சூட்டுக்குப் போட்டவை. சுவரில் பைப்புக்குள் போகும் 4 எம்எம் 32 ஆம்பியர், 6 எம்எம் 41, 10 எம்எம் 57 தாங்கும். சுற்றுச் சூடு 50 டிகிரி ஆனால் இவற்றை 0.71ஆல் பெருக்க வேண்டும். 4 எம்எம் 22 ஆகிவிடும், 6 எம்எம் 29, 10 எம்எம் 40. சென்னை மே மாதத்து மதியம், தகரத்துக்கு ஒரு சாண் கீழே, 50 டிகிரி என்பது மிகையில்லை. ஆக 15 ஆம்பியருக்கு 4 எம்எம் இன்னமும் போதும். 32 ஆம்பியருக்கு 6 எம்எம் போதாது, 10 வேண்டும்.

எம்சிபிக்கும் இதே கதைதான். அதையும் 30 டிகிரிக்குத்தான் அளவு செய்கிறார்கள். வெயிலில் காயும் பெட்டிக்குள் 16 ஆம்ப் எம்சிபி 15 ஆம்பியருக்கே மூன்று மணிக்கு மேல் விழ ஆரம்பிக்கும். உடனே "எம்சிபி டம்மி சார், 32 போட்டுடலாம்" என்பார்கள். 4 எம்எம் வயர் இந்தச் சூட்டில் 22 வரை தாங்குவதால் 20 ஆம்ப் எம்சிபி வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பெட்டியை நிழலுக்கு மாற்றுவது அதைவிட நல்லது.

என் யோசனை: இப்போது 4 எம்எம் இழுங்கள், பைப்பை மட்டும் ஒரு இன்ச் போடுங்கள். தகரத்தை ஒட்டி விடாமல் சுவரின் நிழல் பக்கம் கீழாகக் கொண்டுபோங்கள். நாளைக்குப் பெரிய சார்ஜர் வந்தால் பழையதை உருவிவிட்டு 10 எம்எம் இழுத்துக்கொள்ளலாம். காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடித்த சுவரை மறுபடியும் வெட்டுகிற கூலிக்கு முன்னால் ஒரு இன்ச் பைப்பின் விலை ஒன்றுமே இல்லை.

24 ஜூன்

பழைய வயரை 3/20, 7/20 என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று, சுமார் 2 எம்எம்; 7/20 சுமார் 4.6. உங்கள் வீட்டு 5 ஆம்ப் பாயிண்டுக்குப் போயிருப்பது 1/18 ஆக இருக்கும், 1.2 எம்எம்கூட வராது. அதில் 16 ஆம்ப் சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போவதாக யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவையுங்கள்.

7 ஜூலை

ஈபி ஆபீஸ் போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிரிவு அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள்: 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று ஃபேஸ். உங்கள் வீட்டில் இரண்டு ஒன்றரை டன் ஏசி சுமார் 3 கிலோவாட், கார் 3.3, அப்புறம் மோட்டார், ஃபிரிட்ஜ். சிங்கிள் ஃபேஸில் அடங்காது. விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். ஷெட்டில் சுவர் வெட்டுவதற்கு முன்னால் இது முடிய வேண்டும், ஏனென்றால் மெயின் போர்டு எங்கே வரும் என்பதே மாறிவிடும்.

மூன்று ஃபேஸ் வந்ததும் ஆளுக்கொரு ஃபேஸ்: ஒரு ஏசி, இன்னொரு ஏசி, கார். மோட்டாரைக் கார் ஃபேஸில் போட வேண்டாம், காலையில் மோட்டார் ஓடும்போதும் கார் பாதி சார்ஜில் இருக்கும்.

மூன்று ஃபேஸுக்கு ஒரு வில்லன் உண்டு: நியூட்ரல் கட். நியூட்ரல் அறுந்தால் இரண்டு ஃபேஸ் லோடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக நின்றுவிடும். லோடு குறைவாக இருக்கும் பக்கம் வோல்டேஜ் எகிறும். ஒரு புயல் ராத்திரியில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, எங்கள் வரிசையில் டிவி, ஃபிரிட்ஜ், செட்-டாப் பாக்ஸ் என்று வீட்டுக்கு ஒன்றாகப் போயின. சிங்கிள் ஃபேஸ் வீடுகளும் தப்பவில்லை, நியூட்ரல் எல்லோருக்கும் பொது. மெயினில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போடுங்கள். காரின் சார்ஜரை விட விலை ரொம்பக் குறைவு.

17 ஜூலை

இந்த 2024 ஜூலையில் மின் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியதும் எல்லோருக்கும் கார் சார்ஜ் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாதம் 1,200 கிலோமீட்டர், யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர், சார்ஜர் இழப்பையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் அக்கம்பக்கம். ஏற்கெனவே 400 எரிக்கிற வீடு 800க்குப் போகும். 500ஐத் தாண்டிய யூனிட்டுகள் மேல் ஸ்லாபில் விழும். கார் ஓடுவது முழுக்க அந்த மேல் ஸ்லாபில்தான் என்று வைத்துக் கணக்கிடுங்கள், சராசரியில் அல்ல. யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குள்தான் வருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் ஆறே முக்கால். புலம்பத் தேவையில்லை.

28 ஜூலை

வயரிங் இல்லாத சில விஷயங்கள், ஆனால் வயரிங்கைக் கெடுப்பவை.

காலையில் வாசல் கழுவுவது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஹோஸைப் பிடித்தால் ஷெட், கார் டயர், சுவர் எல்லாம் ஒரே அபிஷேகம். சாக்கெட் முழங்கால் உயரத்தில் இருந்தால் அதற்கும் உண்டு. மார்பு உயரத்துக்கு மேல் வையுங்கள், மூடி உள்ளதாக.

பெருச்சாளி. எங்கள் பக்கம் தரைக்கடியில் போன வெறும் பிவிசி பைப்பைக் கடித்து வயரையும் ருசி பார்த்திருக்கிறது. மண்ணுக்குள் போவதாக இருந்தால் உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள், இல்லாவிட்டால் சுவர் மேலேயே போங்கள்.

எறும்பும் பல்லியும் ஸ்விட்ச் பெட்டிக்குள் குடிவருவதைத் தடுக்க, வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். எங்கள் கம்ப்ரஸர் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பிரித்தால் மோட்டாரை ஆன் செய்யும் கான்டாக்டர் ஸ்விட்சுக்கு நடுவே ஒரு பல்லி, ஊறுகாய் பதத்தில்.

ஷெட்டில் காலி கேஸ் சிலிண்டர் வைக்கும் வழக்கம் இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். காலி என்று நாம் நினைப்பதில் மிச்சம் இருக்கும், சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் படிந்து நிற்கும். பெட்ரோல் ஆவியும் அப்படியே. சாக்கெட்டை உயரத்தில் வைக்க இதுவும் ஒரு காரணம், உங்கள் மகன் கார்புரேட்டர் கழற்றுகிறவர் என்றால் முக்கியக் காரணம்.

11 ஆகஸ்ட்

ஆர்சிசிபி போட்டதும் விழுந்துகொண்டே இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று போரூரிலிருந்து ஒருவர். எடுக்காதீர்கள். அது ஏதோ சொல்கிறது.

பழைய வீடுகளில் இதற்கு முதல் காரணம் நியூட்ரல் குழப்பம். ஃபேஸை ஒரு லைனிலிருந்தும் நியூட்ரலைப் பக்கத்து லைனிலிருந்தும் எடுத்திருப்பார்கள், அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆர்சிசிபிக்கு அது கசிவாகத் தெரியும். இரண்டாவது காரணம் வீட்டு இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு எங்காவது கலந்திருப்பார்கள். மூன்றாவது, யாரோ போட்ட நியூட்ரல் எர்த் துண்டு வயர். 16 ஜூன் குறிப்பில் சொன்ன அதே மகானுபாவர்.

தேடுவது எப்படி: மெயினை இறக்கிவிட்டு, ஆர்சிசிபிக்கு அப்புறம் எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், எல்லா நியூட்ரலையும் அவை சேரும் உலோகப் பட்டையிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொரு லைனாக ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து மாட்டி, மெயினை ஏற்றிப் பாருங்கள். எந்த லைனை மாட்டியதும் விழுகிறதோ அங்கே தேடுங்கள். பொறுமை வேண்டும், லைசென்ஸ் உள்ள ஆளும் வேண்டும். வாரக் கடைசியில் இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி போட்டால் ஷெட்டில் கிரைண்டர் கசிந்தாலும் சமையலறை இருட்டாகும். ஷெட்டுக்குத் தனி. இரண்டு தரம் இருட்டில் இட்லி வேகவைத்தால் வீட்டிலேயே அந்தக் கோரிக்கை எழும்.

1 செப்டம்பர்

கம்ப்ரஸர். மகன் பார்ப்பது 2 ஹெச்பி என்றால் ஓடும்போது 10 ஆம்பியரைச் சுற்றி, கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. சி வகை எம்சிபி அநேகமாகத் தாங்கும், அதைவிடக் குறைந்த கரண்டிலேயே சட்டென்று விழும் பி வகை தாங்காது. டேங்கில் காற்று மிச்சம் இருக்கும்போது கிளம்பினால் இன்னும் கஷ்டப்படும், கம்ப்ரஸர் நின்றதும் அதன் மேல் உள்ள அழுத்தத்தை வெளியேற்றும் அன்லோடர் வால்வு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எம்சிபியை மாற்றுவதற்கு முன் அந்த வால்வு. கார் சார்ஜ் ஆகிற லைனில் கம்ப்ரஸர் வேண்டாம், தனி 2.5 எம்எம் லைன், தனி எம்சிபி.

விளக்கு: கூரை நடுவில் ஒன்று என்றால் பானட்டைத் திறந்ததும் உங்கள் நிழலே எஞ்சின் மேல் விழும். இரு பக்கச் சுவரிலும் 20 வாட் பேட்டன் ஒவ்வொன்று. அதை ஆர்சிசிபி வேறாக உள்ள லைனில் கொடுங்கள். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது விளக்கும் சேர்ந்து அணைவது நல்லதில்லை, சக்கரம் உடனே நிற்காது.

15 அக்டோபர்

கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்டவர்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் முந்தின நாளே முழுச் சார்ஜ் போட்டுவிட்டு ஏற்றியிருப்பார்கள், ஏனென்றால் தண்ணீர் தேங்கினால் ஈபி லைனை நிறுத்திவிடும். அது நல்லதுக்குத்தான்.

இதை ஒட்டி, நான் ஜூலையில் "மார்பு உயரம்" என்று எழுதியது தெருவில் தண்ணீரே நிற்காத இடங்களுக்கு. மடிப்பாக்கத்தில் 2015 தண்ணீர் உங்கள் சுவரில் எந்த உயரம் வரை கறை விட்டுப் போனது? அதற்கு மேல் ஒரு அடி. சாக்கெட்டுக்கு மட்டுமல்ல, ஷெட்டின் டிபிக்கும் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி), சார்ஜர் பெட்டியைத் தொங்கவிடும் கொக்கிக்கும். சார்ஜர் பெட்டியைத் தரையில் போட்டுவைக்கும் வழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதை இன்றைக்கே எடுத்து மாட்டுங்கள். ஷெட் லைன் முழுவதையும் துண்டிக்கும் ஐசோலேட்டர் வீட்டுக்குள், மெயின் போர்டிலேயே இருக்கட்டும். தண்ணீருக்குள் இறங்கிப் போய் அணைக்கிற மாதிரி ஸ்விட்ச் வைப்பதில் அர்த்தமில்லை.

ஸ்டில்ட் பார்க்கிங் ஃபிளாட்காரர்களுக்கும் இதே. கூடுதலாக ஒன்று: பொது மீட்டரிலிருந்து லைன் எடுத்தால் அசோசியேஷன் மீட்டிங்கில் வரும் சூட்டுக்கு எந்த எம்சிபியும் கிடையாது. உங்கள் சொந்த மீட்டரிலிருந்து உங்கள் இடத்துக்குக் கேபிள் கொண்டுவருவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த சாக்கெட்டை வெயிலில் காயவைத்து மறுபடி மாட்ட வேண்டாம். உள்ளே உப்பும் சேறும் நிற்கும். புதிது வாங்குங்கள். வயரை மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகுதான் சப்ளை.

27 அக்டோபர்

மடிப்பாக்கத்துக்காரரின் வேலை முடிந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் வந்தாயிற்று, ஃபியூஸ் கட்டை போயிற்று. புது எர்த் பைப் அடித்தபோது பழையதைத் தோண்டிப் பார்த்தார்களாம்: செடித் தொட்டிக்குப் பின்னால் போன வயர் அரை அடி ஆழத்தில் எதிலும் சேராமல் முடிந்திருக்கிறது. முப்பது வருஷமாக அந்த வீட்டு கீசர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றின் எர்த்தும் அதுதான்.

அவர் அனுப்பிய படத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. டிபிக்குள் எந்த எம்சிபி எதற்கு என்று எழுதவில்லை. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். மகன் ஒட்டியிருக்கிறார்: "கார்", "கம்ப்ரஸர்", "லைட்", கடைசியில் "அப்பா தொடக்கூடாது".

3 நவம்பர்

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தரம் அழுத்துங்கள் என்றால், "அழுத்தினால் வைஃபை போய்விடும், ஆபீஸ் மீட்டிங் இருக்கிறது" என்கிறார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலை அழுத்துங்கள். ஷெட்டுக்குத் தனி ஆர்சிசிபி என்றால் வைஃபைக்கு ஒன்றும் ஆகாது, 11 ஆகஸ்ட் குறிப்பைப் படியுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்றும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியையும் ஷெட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டவருக்கு: காற்றோட்டம் இருந்தால் மாற்றலாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அது மேலே போய் நிற்கும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.